புளியில் துலக்கிய ஆறு தகடுகள்

துருவைக் கண்டால் எனக்குச் சந்தோஷம் வரும். வீட்டில் கதவுக் கொளுக்கி துருப்பிடித்தால் என் கணவர் முகம் சுளிப்பார். நான் கிட்டப் போய், அது என்ன நிறம், உரிகிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பழக்கதோஷம். துருப்பிடிக்கும்வரை காத்திருப்பதற்கே பல வருடங்கள் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

வேலை கொழும்பு வெள்ளவத்தையில். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ரயில் பாதைக்கு நாலு வீடு முன்னால், பழைய மாடிவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து எங்கள் முதலாளி சேர் ஆய்வுகூடமாக்கியிருந்தார். மண்டபத்தில் அலுவலகம், படுக்கையறையில் தராசு, குசினியில் கழுவும் தொட்டி. கடலடியில் எண்ணெயும் வாயுவும் கொண்டுபோகும் குழாய்களுக்கான உருக்கு, உப்புத் தண்ணீரில் எவ்வளவு காலம் நின்றுபிடிக்கும் என்று சோதித்துச் சொல்வோம். போர் முடிந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. கடலில் எண்ணெய் இருக்கிறது, இல்லை என்று பத்திரிகைகள் மாறிமாறி எழுதிக்கொண்டிருந்தன. இருந்தால் குழாய் வேண்டும், குழாய் வந்தால் துரு வரும் என்பது சேரின் கணக்கு.

சோதனைக்காக வெட்டி எடுக்கும் சின்னத் தகட்டை எங்கள் தொழிலில் கூப்பன் என்பார்கள். சங்கக் கடையில் அரிசி வாங்கும் கூப்பன் ஞாபகம் வரக்கூடாது என்பதற்காக நான் தகடு என்றே சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அளவு இருக்கும், நல்ல பாரம். மூலையில் இலக்கம் குத்தியிருக்கும். கடலில் இறக்கும் முன் நிறுப்போம். ஒரு வருடம் கழித்து எடுத்து, துருவை முழுவதும் கழற்றிவிட்டு மறுபடி நிறுப்போம். குறைந்த எடைதான் கடல் தின்றது. சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் துருவைக் கழற்றுவதில் கொஞ்சம் பிசகினால் துருவோடு நல்ல உருக்கும் போய்விடும். பிறகு கடல் தின்றது எது, நாம் தின்றது எது என்று யாருக்கும் தெரியாது.

அந்த முறை ஆறு தகடுகள். முகத்துவாரத்தில் ஓர் இறங்குதுறையின் காலில் மரச்சட்டம் கட்டி, தண்ணீருக்கு அடியில் தொங்கவிட்டிருந்தோம். மாதம் ஒருதரம் நான் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே வலை காயப்போடும் அண்ணன் ஒருவர், "இரும்பைப் போட்டு என்ன மீனம்மா பிடிக்கப் பாக்கிறீங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் ஏதோ புதுப் பகிடி போலத் தானே சிரிப்பார். முதல் இரண்டு தடவை நானும் சிரித்தேன்.

ஒரு வருடம் முடிந்தது. தகடுகள் சிப்பியும் பாசியும் துருவுமாக, அடையாளம் தெரியாத கோலத்தில் வந்து சேர்ந்தன. எனக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. படம் எடுத்தேன். சிப்பிகளை மரக்கத்தியால் சுரண்டினேன். கிருமி பார்ப்பதற்காகத் துருவில் கொஞ்சம் கிள்ளிப் போத்தலில் போட்டேன். மிச்சமிருந்தது ஆசிட்டில் போட்டுத் துருவைக் கழற்றுவதும் நிறுப்பதும்தான். அந்த நேரம் பார்த்து ஆசிட் புகையை வெளியே இழுக்கும் காற்றாடி நின்றுபோனது. மறுநாள் சரஸ்வதி பூசை, எலக்ட்ரீசியன் வரமாட்டான். அதற்கடுத்த நாள், சோதனையைத் தந்த குழாய்க் கம்பனியின் எஞ்சினியர் முடிவு பார்க்க வருகிறார். பூசை முடிந்ததும் பின் விறாந்தையில் கடற்காற்றில் வைத்துச் செய்துவிடலாம் என்று நினைத்து, தகடுகளைத் தட்டோடு குசினி மேடையில் வைத்தேன். பக்கத்தில் பூசைக்கான குத்துவிளக்கும் செம்பும் தாம்பாளமும் இருந்தன.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் குடையைத் தேடிக்கொண்டே, கூட்டித் துடைக்கிற அக்காவிடம் சொன்னேன்: "அக்கா, நாளைக்குப் பூசை. குசினி மேடையில இருக்கிற எல்லாத்தையும் பளபளவெண்டு துலக்கி வச்சிட்டுப் போங்கோ."

எல்லாத்தையும் என்றுதான் சொன்னேன். இன்றைக்கும் அந்தச் சொல் என் காதில் கேட்கிறது.

அந்த அக்கா பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கொழும்புக்கு வந்தவர். என்னைவிட நாலைந்து வயது கூட. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓர் அறையில் மகளோடு இருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் ஏ.எல்., கடைசி வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த ஒரு வேலையால்தான். எனக்கு ஒரு தரிப்பு முன்னால் பஸ் ஏறுவார். பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். யாராவது முறைத்தால், "ஆள் வருது, ஆள் வருது" என்று சிங்களத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் சொல்வார்.

பூசையன்று காலை அவர் பஸ்ஸில் இல்லை. கோலம் போட வேண்டும் என்று முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் சரஸ்வதி படத்துக்கு மாலை போட்டு, அவல் கடலை படைத்து, சேரின் மனைவி பாடத் தொடங்கிவிட்டார். நான் மாதா கோயில் ஆள். ஆனாலும் வருடாவருடம் இந்தப் பூசைக்குக் கைகட்டி நிற்பேன். எங்கள் தேர்த்திருவிழாவுக்குச் சேர் குடும்பத்தோடு வந்து மெழுகுதிரி கொளுத்துவார். கணக்குச் சரி.

படத்துக்கு முன்னால் தொழிற் சாமான்கள் எல்லாம் பொட்டு வைத்து அடுக்கியிருந்தன. கண்ணாடிக் குழாய்கள், திருப்புளி, எடைக்கற்கள். நடுவில் தாம்பாளத்தில் ஆறு உருக்குத் தகடுகள், பளிச்சென்று. ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

புதுத் தகடுகள் எப்போது வந்தன என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு மூலையில் குத்தியிருந்த இலக்கத்தை வாசித்தேன்.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்கள். உண்மையாகவே குசினிப் பக்கமிருந்து புளி மணந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஒரு வருடக் கடல், தேங்காய்ப் பொச்சும் புளியும் போட்டுத் துலக்கப்பட்டு, குங்குமப் பொட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாட்டோ முடிகிற பாடாக இல்லை. சேரின் மனைவிக்கு இனிமையான குரல், எல்லாப் பாட்டும் பாடமாகத் தெரியும். அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருக்கக்கூடாதா என்று கைகூப்பியபடியே நினைத்தேன். எதிரில் அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் அவ்வளவு திருப்தி.

தீபாராதனை முடிந்து, கையில் கடலையோடு சேர் தாம்பாளத்துக்குக் கிட்டக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"இது கடல்ல கிடந்த தகடெல்லோ?"

சேர் ஒரு தகட்டை எடுத்து மூலை இலக்கத்தை வாசித்தார்.

"ஆர் இதைத் தொட்டது? ஆர் தொடச் சொன்னது?"

அக்காவுக்கு ஏதோ பிழை நடந்துவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது. என்ன பிழை என்று விளங்கவில்லை. "நான்தான் சேர் துலக்கினேன். ரொம்பக் கறையா இருந்துச்சு. மிஸ் ஒரு வருஷமா அதப் பாத்துப் பாத்து வச்சிருந்தாங்களே, சாமிக்கு முன்னால வைக்கலாம்னு…"

"ஆர் சொன்னது எண்டு கேக்கிறன்."

"யாரும் சொல்லல சேர். நானாத்தான் செஞ்சேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கோபக்காரி என்று பெயரெடுத்தவள். பஸ் நிற்கும் முன் இறங்கச் சொல்கிற கொண்டக்டரோடு தெருவெல்லாம் கேட்கச் சண்டை பிடிப்பவள். அன்றைக்கு என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான்தான் சொன்னேன் என்று இரண்டே சொற்கள். வாயில் கிடந்த கடலையை மென்றுகொண்டு நின்றேன். எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சேர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு அந்த எஞ்சினியருக்கு நான் என்ன சொல்லுறது? இன்னொரு வருஷம் பொறு எண்டோ? அவங்கள் வேற இடம் பாப்பாங்கள். இந்த மனிசியை நாளையோட நிப்பாட்டிவிடுங்கோ."

அவர் மேலே போனார். நான் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். அக்கா தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அழவில்லை. தொட்டிலிலிருந்து விழப்போகும் பிள்ளையைப் பார்ப்பதுபோலத் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயம் வந்தால் கை சும்மா இருக்காது. ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். துரு துளிகூட இல்லை. ஆனால் கடல் குடைந்த குழிகள் அப்படியே, ஓரம் மழுங்காமல் இருந்தன. கீறல் இல்லை. குத்திய இலக்கம் கூர்மையாக இருந்தது.

"அக்கா, என்ன போட்டுத் தேய்ச்சீங்க? சாம்பலா, மணலா?"

"புளியும் பொச்சும்தான் மிஸ். மணல் போடல. நம்பர் குத்தியிருந்துச்சே, தேஞ்சிருமேன்னு பயமா இருந்துச்சு."

"மேல ஏதோ பிசுபிசுக்குது?"

"கடசியா கொஞ்சம் தேங்காண்ண தடவினேன்." தயங்கினார். "மறுபடி துருப்பிடிக்காம இருக்கட்டுமேன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துருப்பிடிக்கிறதா என்று பார்ப்பதற்காகவே வாடகை கட்டி நடத்துகிற வீட்டில், துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருக்கிறார். சிரித்ததும் மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஆசிட்டில் போட்டாலும் கொஞ்சம் நல்ல உருக்கு கரையத்தான் செய்யும். அது எவ்வளவு என்று அறிய, கடலுக்கே போகாத ஒரு தகட்டையும் அதே ஆசிட்டில் போட்டு எடுத்து நிறுப்போம். அது இழந்ததை மற்றவற்றின் கணக்கில் கழித்துவிடுவோம். எல்லா ஆய்வுகூடத்திலும் செய்வதுதான். புளியும் ஒரு ஆசிட்தானே?

ஈரம் உறிஞ்சும் கண்ணாடிச் சாடிக்குள், அதே உருக்கில் வெட்டிய, கடல் காணாத தகடுகள் மூன்று இருந்தன. ஒன்றை நிறுத்து எழுதிவிட்டு அக்காவின் கையில் கொடுத்தேன்.

"நேத்துச் செஞ்சதை அப்பிடியே செய்யுங்கோ."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "மறுபடியுமா? வேணாம் மிஸ். பட்டது போதும்."

"நீங்க எவ்வளவு தேய்ச்சீங்க எண்டு தெரிஞ்சாத்தான் உங்கட வேலையும் தப்பும், என்ட வேலையும் தப்பும். அதே புளி, அதே பொச்சு, அதே கை. ஒண்டுக்கு எவ்வளவு நேரம் எடுத்தீங்க?"

"மணி பாக்கல. ரேடியோல ரெண்டு பாட்டுப் போச்சு, ஒண்ணு ஒண்ணுக்கும்."

இரண்டு பாட்டு என்றால் என்ன கணக்கு? நான் பத்து நிமிடம் என்று வைத்தேன். கூட இருந்தால் பாதகமில்லை, குறையத்தான் கூடாது. அதோடு, துரு மூடியிருந்த தகட்டைவிட வெறும் தகட்டில் புளி நேரே உருக்கைப் பிடிக்கும். ஆகவே இதில் வருவதுதான் ஆகக்கூடிய சேதம். அவர் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினார். நான் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே ரயில் ஒன்று போனது. குசினி சன்னல் அதிர்ந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை.

கழுவி, எண்ணெய் தடவி, பிறகு நான் அசற்றோனில் அந்த எண்ணெயை நீக்கி உலர்த்தினேன். தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். இலக்கங்கள் ஓடி ஓடி நின்றன. முன்னால் எழுதியிருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். முன் இலக்கங்கள் எல்லாம் அதேதான். கடைசி இலக்கங்களில் மட்டும் வித்தியாசம்.

நம்பிக்கை வரவில்லை. இரண்டாவது தகட்டையும் மூன்றாவதையும் கொடுத்தேன். அதே முடிவுதான். பிறகு ஆறு தகடுகளின் சந்தனத்தையும் எண்ணெயையும் நீக்கி நிறுத்தேன். பின் விறாந்தையில் ஆசிட்டில் போட்டு எடுத்து மறுபடி நிறுத்தேன். ஆசிட்டுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. அக்கா துருவில் மிச்சம் வைக்கவில்லை. கடல் தின்றது கிராம் கணக்கில் இருந்தது. புளி தின்றது ஒரு சிட்டிகை உப்புக்குக்கூடக் காணாது.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மலைபோல வந்தது பனிபோலப் போய்விட்டது என்று என் அம்மா அடிக்கடி சொல்வார். எனக்கு அது அன்றுதான் உடம்பில் விளங்கியது. அக்காவிடம் "தப்பிச்சோம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து நம்பினார். இலக்கங்களைப் பார்க்கவில்லை.

ஆனால் இன்னொரு பாரம் நெஞ்சில் கிடந்தது. அதை எந்தத் தராசிலும் வைக்க முடியாது. மேலே போனேன். சேர் பின்னேரப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கணக்கைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டு இரண்டு தரம் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகிய நேரத்தில் சொன்னேன்.

"சேர், அக்கா சொன்னது பொய். மேடையில இருக்கிற எல்லாத்தையும் துலக்கச் சொன்னது நான்."

"காலமை ஏன் வாய் திறக்கேல்ல?"

"பயம் சேர்."

அவர் தேநீரை முழுவதும் குடித்து முடித்தார். "ரிப்போட்டில என்னெண்டு எழுதப்போறீர்?"

"நடந்ததைத்தான்."

"புளி எண்டு எழுதினா அவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும் சேர். மறைச்சால் கணக்குப் பொய்யாப் போயிரும்."

"அவன் ஏற்றுக்கொண்டா ரெண்டு பேரும் இருங்கோ," என்றார். ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எஞ்சினியர் மறுநாள் பத்து மணிக்கு வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். பேச்சு குறைவு. அறிக்கையை வரிவரியாக விரலை வைத்து வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"சியம்பலாத?" என்றார். புளியா என்று கேட்டார்.

"ஓம் சேர், சியம்பலா," என்று மூன்று மொழியும் கலந்து உளறினேன்.

அவர் சிரிக்கவில்லை. கடல் காணாத மூன்று தகடுகளையும் கேட்டு வாங்கி, தராசுக்கு முன் உட்கார்ந்து தானே நிறுத்தார். என் குறிப்புக் கொப்பியோடு ஒப்பிட்டார். குழிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு, துலக்கியவரைக் கூப்பிடச் சொன்னார். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார். ஏன் மணல் போடவில்லை என்று அவர் சிங்களத்தில் கேட்டார். அக்கா என்னிடம் சொன்ன அதே பதிலைச் சந்தைச் சிங்களத்தில் சொன்னார். இலக்கம் அழிந்துவிடும் என்று பயந்தாராம்.

எஞ்சினியர் எங்கள் சேர் பக்கம் திரும்பினார். தங்கள் வீட்டிலும் அம்மா பித்தளைக்குப் புளிதான் போடுவார், ஆனால் அவர் மணலும் சேர்ப்பார், நல்லகாலம் அவர் இங்கே வேலைக்கு வரவில்லை என்றார். அப்போதுதான் சிரித்தார். இனிமேல் ஆசிட்டில் மட்டும் செய்யவேண்டும் என்று ஓரத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டார். சேர் விட்ட மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது. எனக்கு அந்த இடத்திலேயே தரையில் படுத்துத் தூங்கலாம் போல இருந்தது.

அன்று பின்னேரம் காலி வீதியில் பஸ் வந்ததும் நான் முண்டியடித்து முதலில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் என் பையை வைத்தேன். ஒருவர் முறைத்தார். "ஆள் வருது," என்றேன். சிங்களத்திலும் சொன்னேன். அக்கா பூசைக் கடலைப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து, எனக்கும் ஒரு பிடி தந்தார்.

பம்பலப்பிட்டி தாண்டும்வரை கடலையை மென்றேன். பிறகு கேட்டேன். "அக்கா, நான் சொன்னதாலதானே செஞ்சீங்க? ஏன் நீங்களாச் செஞ்சதாச் சொன்னீங்க?"

தன்னைப் பெரிய மனசுக்காரி என்று நான் நினைத்துவிடக்கூடாது என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதான் சொன்னீங்கன்னு நான் சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பாரு. ஒங்க வேலையும் போயிட்டா, மிஸ், எனக்காகப் பேசறதுக்கு அங்க யாரு இருப்பாங்க?"

"நான் பேசாமல்தானே நிண்டேன்."

"நேத்துக் காலையிலதான் பேசல," என்றார். "பின்னேரம் மாடியில பேசுனீங்கல்ல, எனக்குக் கேட்டுச்சு." இன்னொரு பிடி கடலையை என் கையில் போட்டார்.